கூலியும் துரையும்: சில குறிப்புகள்

இலங்கை மலைநாட்டின் ஹட்டன் பஜாரில் நகை வாங்கினால் பில்லில் செய்கூலி என்று ஒரு வரி இருக்கும். மூட்டைக்கு ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. லொறிக்கு வண்டிக்கூலி. சிங்களத்தில் வீட்டு வாடகைக்கே 'கெ குலிய' என்றுதான் பெயர். இதற்கெல்லாம் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே பஜாரில் ஓர் ஆளைப் பார்த்து, முன்னும் பின்னும் எதுவும் சேர்க்காமல், 'கூலி' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். சட்டையைப் பிடித்துவிடுவான். எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. நடுவில் சொல் ஒருமுறை ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறது.

*

தெய்வமே கைவிட்டாலும் பாடுபட்டவனுக்குப் பலன் உண்டு என்று சொல்லும் 619ஆம் குறளில், அந்தப் பலனுக்கு வள்ளுவர் வைத்த பெயர் கூலி. அதைவிடப் பெரிய மரியாதை ஒரு சொல்லுக்குக் கிடைக்காது. 'கூலிக்கு மாரடிக்கிறது' என்ற பழமொழியில்கூட ஏச்சு மாரடிப்பின் பொய்க்குத்தான், கூலிக்கு அல்ல.

*

யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதி இந்தச் சொல்லுக்கு இரண்டு பிறப்பிடம் சொல்கிறது. ஒன்று குஜராத்தின் கோலி சமூகத்தார் பெயர். மற்றது தமிழ்க் கூலி. போர்த்துக்கேயர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போயிருக்கும் என்பது பொதுவான கணிப்பு. சீனர்கள் இதே ஒலியை எழுத எடுத்துக்கொண்ட இரண்டு எழுத்துகளின் பொருள் கசப்பு, வலிமை. கசந்த உழைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களாவது பொருள் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

பிறப்பிடம் எதுவானாலும் இலங்கை மலைநாட்டில் நடந்தது தெளிவு. தமிழில் கூலி என்றால் கையில் வாங்குவது; வாங்குகிறவர் கூலிக்காரர், கூலியாள். ஆங்கிலம் 'காரரை'யும் 'ஆளை'யும் வெட்டிவிட்டது. வாங்குகிற காசின் பெயரையே ஆளுக்கு வைத்துவிட்டது. ஆணும் கூலி, பெண்ணும் கூலி, பிள்ளையும் கூலி.

*

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து சேர்ந்த வழியில் தோட்டத் தொழிலாளர் கையில் இருந்த காகிதங்களையும் தகரங்களையும் வரிசையாக வைத்துப் பார்க்கலாம்.

துண்டு: ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதற்கான சீட்டு. இத்தனை ஆட்கள், இவ்வளவு கடன், கடனைக் கட்டினால் விடுவிக்கத் தயார் என்று தோட்டத்துரை எழுதிக் கையெழுத்திடுவார். ஆட்களைத் திரட்டிவந்த கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த துரையைத் தேடுவார். கடன் கைமாறும், கடனோடு ஆட்களும் கைமாறுவார்கள். ஆங்கிலேயர் இதற்கு வேறு பெயர் தேடவில்லை. 'துண்டு' என்றே எழுதிக்கொண்டார்கள். 1921இல்தான் ஒழித்தார்கள்.

தகரம்: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஊரில் ஆள் சேர்த்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். வழியில் யார் நிறுத்தினாலும் அதைக் காட்டினால் போதும். பேர் சொல்லத் தேவையில்லை.

தலைக்காசு: கங்காணிக்கு, தன் கணக்கில் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் கிடைத்த காசு.

1904இல் தோட்டத்துரைமார் சங்கம் திருச்சியில் தொழிலாளர் ஆணையகம் ஒன்றைத் திறந்து ஆள்சேர்ப்பை ஒழுங்கு செய்தது. 1909இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே 'கூலிகள்' இருந்தார்கள். 1923இல் வந்த சட்டத்தின் பெயரில் அவர்கள் 'தொழிலாளர்' ஆனார்கள். சட்டப் புத்தகத்தில் ஒரு சொல் மாறுவதற்கு அத்தனை காலம். பங்களா வாசலில் மாறுவதற்கு இன்னும் எத்தனையோ காலம்.

*

சீமையிலிருந்து புதிதாக வந்திறங்கும் சின்னத்துரைக்குத் தமிழ் தெரியாது. அவருக்காகவே கைப்புத்தகங்கள் அச்சாயின. கொழும்பில் ஃபெர்குசன் குடும்பத்தார் வெளியிட்ட ஒன்றின் பெயர் 'இங்கே வா'. டபிள்யு. ஜி. பி. வெல்ஸ் எழுதிய இன்னொன்றின் பெயர் 'கூலித் தமிழ்'. தேயிலை, றப்பர்த் தோட்டத் தொழிலாளருக்கு விளங்கும் தமிழ் என்று அதற்கு விளக்கம்.

ஒரு மொழியைக் கற்றுக்கொடுக்கும் புத்தகத்துக்கு முதல் சொல்லாக எதையும் வைக்கலாம். வணக்கம், சுகமா, உன் பேர் என்ன. அட்டையிலேயே 'இங்கே வா' என்று போட்டுவிட்டார்கள். துரைக்குத் தேவைப்பட்ட தமிழ் ஏவலும் விலக்கலும்தான்: வா, போ, எடு, வெட்டு, பேசாதே. 'வாங்க' என்பது அந்தத் தமிழில் சேர்த்தி இல்லை. ஏச்சு என்றால் வசைச்சொல் என்று நினைக்கிறோம். ஒரு வசைச்சொல்லும் இல்லாமல் வினைமுற்றிலேயே ஆளைக் கீழே இறக்கிவிடலாம் என்பதற்கு அந்தப் புத்தகங்களே சாட்சி.

ஆய்வாளர் மு. நித்தியானந்தன் இந்தப் புத்தகங்களைத் தேடி எடுத்து எழுதிய கட்டுரையும், 1869இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' போன்ற பழைய மலையக எழுத்துகளைப் பற்றிய கட்டுரைகளும் 2014இல் நூலாக வந்தன. நூலுக்கு அவர் வைத்த தலைப்பும் 'கூலித் தமிழ்'தான். துரைமாருடைய தலைப்பை அவர்கள்மீதே திருப்பி வைத்திருக்கிறார்.

*

தோட்டத்தில் நாள்சம்பளத்தைக் கூலி என்று யாரும் சொல்வதில்லை. பேர் என்பார்கள். இன்றைக்குப் பேர் விழுந்ததா, இந்த மாதம் எத்தனை பேர், மழை பெய்து பேர் போயிற்று. செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் உன் பெயருக்கு நேரே அந்த நாளுக்கான அடையாளம் விழுந்தால் ஒரு பேர். குறித்த அளவு கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஓரிடத்தில் 16 கிலோ, இன்னோரிடத்தில் 18, 20.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாயந்தரம் நின்றால் இதைக் காதால் கேட்கலாம். படங்கைக் கட்டிய இடுப்பும் நனைந்த தலைத்துண்டுமாகப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கூடை தராசில் ஏறும். ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு.

"எத்தனை புள்ள?"

"பதினாலுங்கய்யா."

"அப்ப அரைப்பேருதான்."

"மலையேறுனது முழு ஆளுங்கய்யா. எழுதுறது மட்டும் அரையா?"

வரிசையில் சிரிப்பு. கணக்கப்பிள்ளையும் சிரித்தார். அரைப்பேர் அரைப்பேராகவே விழுந்தது. அந்த அம்மாவுக்கு அறுபது இருக்கும். கணக்கப்பிள்ளைக்கு முப்பதுகூட இராது. அவர் 'புள்ள' என்கிறார், அவர் அம்மா வயதுக்காரி 'ங்கய்யா' என்கிறாள். இருவருக்கும் இது உறுத்தவில்லை.

தோட்டப் பிரிவுகளுக்கும் மேக்கணக்கு, கீக்கணக்கு என்றுதான் பெயர். நாளுக்குப் பேர், ஊருக்குக் கணக்கு. செக்ரோல் தோட்டத்து மொழிக்குள் எவ்வளவு தூரம் வேரோடியிருக்கிறது என்பதற்கு இதுவே போதும்.

*

தோட்டத்து வரிசைவீடான லயத்துக்கு வரும் கடிதத்தின் உறையைப் பார்த்திருக்கிறீர்களா? ஆள் பெயர், பிரிவு, தோட்டம், தபால் கந்தோர். வீட்டு இலக்கம் இல்லை, தெரு இல்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போகும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு, பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதை தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறது. கொழும்புக் கடைகளில் வேலைபார்க்கும் பையன்களிடம் ஊர் எது என்று கேட்டால் ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று டவுன் பெயரைச் சொல்வார்கள். எந்தத் தோட்டம் என்று அடுத்த கேள்வி வரக்கூடாது என்பதற்காகவே டவுன் பெயரைச் சற்று அழுத்திச் சொல்வார்கள்.

*

வெளியே.

தென்னாபிரிக்காவில் இந்தியர் எல்லோரும் 'கூலி'தான். வியாபாரி கூலி வியாபாரி, வக்கீல் கூலி வக்கீல். காந்தி தம்மைப் பிறர் 'கூலி பாரிஸ்டர்' என்று அழைத்ததைச் சுயசரிதையில் எழுதுகிறார். தமிழர் பெயர்களில் வரும் 'சாமி'யை 'ஸாமி' ஆக்கி அதையும் ஏச்சாக்கினார்கள் என்கிறார். ஒருவன் தன்னை அப்படிக் கூப்பிட்ட வெள்ளைக்காரனிடம், சாமி என்றால் எசமான் அல்லவா என்று கேட்டால் சிலர் கூசிப்போவார்களாம், சிலர் இன்னும் கோபப்படுவார்களாம். அந்தக் கூலி பாரிஸ்டர் 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது மலைநாட்டுக்கும் வந்தார்.

மொரீசியஸில் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய துறைமுகப் படிக்கட்டுக்குக் 'கூலி காட்' என்று பெயர் இருந்தது. பிறகு அதை 'ஆப்ரவாசி காட்' ஆக்கினார்கள்; வந்து குடியேறியவர்களின் துறை. 2006இல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக ஏற்றது. அதே மொரீசியஸின் கவிஞர் கல் தொராபுல்லி எதிர்வழி போனார். 'கூலிட்டியூட்' என்று ஒரு கருத்தாக்கத்தையே உண்டாக்கி அந்தச் சொல்லைத் தம் கொடியாக்கிக்கொண்டார். கயானாவில் பிறந்த கையூத்ரா பகதூர் தம் கொள்ளுப்பாட்டியின் கதையைத் தேடி எழுதி 2013இல் வெளியிட்ட நூலுக்குக் 'கூலிப் பெண்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார்.

இந்தியாவில் ரயில்நிலையக் கூலிகளை இனி 'சகாயக்' என்று அழைக்கலாம் என்று 2016 ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பெயர் மாறியது, தலைச்சுமை மாறவில்லை. 2025இல் ரஜினி நடித்த படத்தின் பெயரே 'கூலி'. தமிழ்நாட்டில் அந்தப் பெயருக்கு விசிலடித்தார்கள். இங்கே லயத்துப் பிள்ளைகளும் விசிலடித்தார்கள். பட்டம் யார் கொடுத்தது என்பதைப் பொறுத்து எல்லாம்.

*

மார்க் அந்தனி பிரேஸ்கேர்டல் என்று ஓர் ஆஸ்திரேலிய இளைஞர். 1936இல் மடுல்கல பக்கம் ரெலுகாஸ் தோட்டத்துக்கு வேலை பழக வந்தார். தொழிலாளர் பக்கம் பேசினார் என்று தோட்டம் அவரை நீக்கியது. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் சமசமாஜக் கட்சிக் கூட்டத்தில் மேடையேறித் தோட்டத்துரைமாரைப் பற்றிப் பேசினார். ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். அவர் தலைமறைவானார், காலிமுகத்திடல் மேடையில் தோன்றினார், கடைசியில் உயர்நீதிமன்றம் உத்தரவு செல்லாது என்றது.

மேடையில் தொழிலாளருக்காகப் பேசியவர்கள் அந்தக் காலத்தில் வேறு பலரும் இருந்தார்கள். நாடு கடத்தும் அளவுக்குக் கோபம் வந்தது இவர்மேல்தான். துரை ஒருவன் துரையாக இருக்க மறுத்தது பொறுக்கவில்லை. கூலி என்ற சொல் தனியாக நிற்பதில்லை. அதற்கு ஒரு சோடி உண்டு: துரை. சோடியில் ஒன்று இறங்கி வந்தால் மற்றதற்கும் அர்த்தம் போய்விடும்.

கோ. நடேசய்யர் மறுபக்கத்திலிருந்து அதே வேலையைச் செய்தார். தஞ்சாவூர்க்காரர். அந்நியர் நுழைய முடியாத தோட்டத்துக்குள் புடவை வியாபாரி வேடத்தில் போய் நிலைமையைப் பார்த்தவர் என்று சொல்வார்கள். பத்திரிகை நடத்தினார், தொழிற்சங்கம் தொடங்கினார், துண்டுப்பிரசுரம் அச்சிட்டார். மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில், எல்லாருக்கும் தெரிந்த மெட்டில் பாடுவார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாட்டுத்தான் பத்திரிகை.

*

இனி நம் வீட்டுக் கணக்கு.

வெள்ளைக்காரன் போன பிறகு கூலி என்ற ஆங்கிலச் சொல்லின் வேலையைச் செய்ய உள்ளூரிலேயே ஆள் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் 'வடக்கத்தியான்', 'தோட்டக்காட்டான்'. யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் புகையிலையும் வெங்காயமும் விளையும் சொந்த நிலம், பெருமைக்குரியது. அதோடு 'காடு' சேர்ந்ததும் ஏச்சாகிவிட்டது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வசதியான வீடுகளுக்கு வேலைக்கு வந்த தோட்டத்துப் பிள்ளைகள் அந்தச் சொல்லை அடுப்படியிலேயே கேட்டு வளர்ந்தார்கள். 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியிருந்தவர்களையும் அது விடவில்லை. தமிழர் ஒற்றுமை பேசும் மேடையிலிருந்து இறங்கியதும் வாயில் அதே சொல்.

'கள்ளத்தோணி' எல்லாருக்கும் பொது. சிங்களவரும் அதை அப்படியே தமிழிலேயே எடுத்துக்கொண்டார்கள். கள்ளமாகத் தோணியில் வந்தவன் என்று பொருள். கழுத்தில் எண் போட்டு, ஆணையகம் வைத்து, சட்டம் போட்டுக் கூட்டிவந்தவர்களுக்கு இந்தப் பட்டம்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்று பாராளுமன்றத்துக்குப் போனது. வட்டகொடைப் பக்கத்து மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலைப் பிரதிநிதி. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு அவர்களுக்கு வாக்களித்த தோட்டத்து மக்களின் குடியுரிமை போயிற்று. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அந்த மக்களைப் பங்கிட்ட கணக்கு இப்படி: மொத்தம் 975,000 பேர், இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிபாதியாகப் பிரித்தார்கள். பேர், பேர், பேர். மடுவத்து அரைப்பேர்க் கணக்கை இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து போட்டமாதிரி இருக்கிறது.

இங்கே வடக்கத்தியானாக இருந்தவர்கள் தமிழ்நாட்டில் இறங்கியதும் 'சிலோன்காரர்' ஆனார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு டேன்டீ ஆனது. கோத்தகிரி, கூடலூர், குன்னூர். மறுபடியும் மலை, மறுபடியும் கூடை, மறுபடியும் லயம். ஏச்சு மட்டும் புதிது.

*

ஏசப்படுகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். 1960களில் ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியைச் சுற்றியும் வாலிபர் சங்கங்களிலும் 'மலைநாடு', 'மலையகம்' என்ற சொற்கள் பரவின. அதிபர் இரா. சிவலிங்கம் போன்றவர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்த பையன்கள் பிறகு ஆசிரியர்களானார்கள், எழுத்தாளரானார்கள். இந்தியத் தமிழர் என்றால் வந்த இடம். தோட்டத் தொழிலாளி என்றால் செய்யும் வேலை. மலையகத் தமிழர் என்றால் இருக்கும் இடம். இருக்கும் இடத்தைச் சொல்வதற்கே நூற்றைம்பது வருடம் ஆகியிருக்கிறது.

2012 குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' 839,504 பேர். பலர் தங்களை வெறும் 'இலங்கைத் தமிழர்' என்றே பதிந்துகொண்டார்கள் என்பதால் இந்த எண்ணை முழுக் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. 2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, முன்னோர் இங்கே வந்த 200ஆம் வருட நினைவாக மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அவர்கள் வந்த அதே பாதை. 2024 மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்', 'மலையகத் தமிழர்' என்று இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

*

கடைசியாகத் துரை.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. வெள்ளைக்காரர் ஒருவரும் இல்லை. இப்போது தோட்ட அதிகாரி சிங்களவராக இருப்பார், தமிழராக இருப்பார். ஆனாலும் அவர் பெரியதுரை, உதவி அதிகாரி சின்னத்துரை, மனைவி துரைசாணி. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் 'தொர வாறாரு' என்ற சத்தம் கேட்டதும் வரிசை இன்றும் நேராகும். கூலி என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்கியாயிற்று; அதன் சோடியை யாரும் தொடவில்லை. அது ஏச்சு இல்லையே, மரியாதைதானே என்று விட்டுவிட்டோம். கீழே இறக்கும் சொல்லை மட்டும் எடுத்துவிட்டு மேலே ஏற்றும் சொல்லை அப்படியே வைத்திருந்தால் உயரம் குறையவா போகிறது?

2021இல் நாள்சம்பளம் 1,000 ரூபா ஆனது; 2024இல் 1,350. இரண்டுக்கும் வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. பேச்சுவார்த்தை மேசையில் தொழிற்சங்கக்காரரே கம்பனிக்காரரைத் 'துரைமார்' என்று சொல்லக் கேட்கலாம்.

துரை நல்ல தமிழ்ச்சொல். பிள்ளைக்குப் பெயராக வைக்கிறோம். அதைத் தடைசெய் என்று கேட்பது அபத்தம். இளம் பிள்ளைகள் 'மெனேஜர்' என்றும் 'சேர்' என்றும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அது தானாகத் தேயும். எனக்கு அதைவிட வினைமுற்றில்தான் கவனம். ஒரு தோட்டத்தின் நிலைமையை அறிய ஆண்டறிக்கை தேவையில்லை. காலையில் பெரட்டுக்குப் போய், முப்பது வயது உத்தியோகத்தர் அறுபது வயதுக்காரியிடம் 'வா' என்கிறாரா 'வாங்க' என்கிறாரா என்று கேட்டுவிட்டு வந்தால் போதும். 'வாங்க' என்பதற்குக் கம்பனிக்கு ஒரு சதமும் செலவில்லை. கூட்டு ஒப்பந்தமும் தேவையில்லை, வர்த்தமானியும் தேவையில்லை. சில தோட்டங்களில் அது வந்துவிட்டது. மற்றத் தோட்டங்களில் 'இங்கே வா' இன்னும் பாடப்புத்தகமாகவே இருக்கிறது.